நொய்யல் கரைத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். படித்துறையில் பெயர்ந்த கற்களைப் பதித்தாயிற்று, மதிலுக்கு வெள்ளை அடித்தாயிற்று, விளக்குக் கம்பம் ரெண்டும் எரிகிறது. இவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "இவ்வளவு வசூல் பண்ணியும் ஆத்துல புதர் அப்படியே நிக்குதே?"

அது மறந்துபோய் நிற்கவில்லை, நாங்கள்தான் விட்டு வைத்தோம். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும், சாக்கடை வந்து விழும் இடத்துக்கும் படித்துறைக்கும் நடுவில் உள்ள நாணலையும் சம்பையும் தொடக்கூடாது என்று பொதுக்குழுவில் பேசி எழுதினோம். கை தூக்கியவர்களில் சிலர்தான் இப்போது திட்டுகிறார்கள். சரி, போகட்டும்.

வெள்ளம் கரையேறும்போது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நடு ஆற்று நுரை ஓட்டமாக ஓடும், ஓரத்து நுரை நாணல் விளிம்பில் சுழித்து உள்ளே போய் அப்படியே மந்தமாகிவிடும். வேகம் குறைந்ததும் வண்டல் அங்கேயே படியும். சாயத்தோடும் சாக்கடையோடும் வரும் உலோகங்களில் நிறைய அந்தப் பொடி வண்டலில் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன, அதனால் வண்டல் நின்றால் அவையும் நிற்கும். நாணல் இல்லாவிட்டால் மொத்தமும் ஒரே வீச்சில் படித்துறைக்கு வரும். இருந்தால் கொஞ்சம் குறைந்து வரும், ஆனால் அதிக நேரம் வரும். உள்ளே தேங்கியது வெள்ளம் வடிந்த பிறகும் கசியத்தான் செய்யும். "ரெண்டு நாளாகியும் கலங்கல் தெளியலையே" என்று கேட்டவர்களுக்கு அதுதான் பதில்.

நாணல் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நாங்கள் எப்போதும் சொன்னதில்லை. சாயப்பட்டறை உப்பு தண்ணீரில் கரைந்தது, அது எந்தச் செடிக்கும் நிற்காது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகிப் போனதை நாமெல்லாம் பார்த்தவர்கள்தானே. 2011-இல் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் விஷயம் அசைந்தது. உப்பை வருகிற இடத்திலேயே நிறுத்த வேண்டும், கரையில் நிறுத்த முடியாது.

அடுத்து பொக்லைன் கதை. மணிக்கு 1,450 ரூபாய், 40 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தோம். மூன்றாம் நாள் ராத்திரி, கமிட்டி ஆள் ஒருவரும் இல்லாத நேரத்தில், அறுபதடி நாணலை வழித்தெடுத்து வைத்துவிட்டார்கள். கேட்டதற்கு ஒப்பந்தக்காரர், "கோயில் முன்னாடி நீட்டா இருக்கட்டும்னுதானுங்க" என்றார். அந்த நீட்டுக்கும் சேர்த்து 71 மணி நேரத்துக்கு பில் போட்டார். பத்து நாளில் ஒரு மழை, வழித்த இடத்தில் மட்டும் கரை சரிந்து, சேறு முழுக்கப் புதுப்படியில் ஏறி நின்றது. நாணல் நின்ற பக்கம் ஒரு கூடை மண்கூட நகரவில்லை. அதிகப்படி நேரத்துக்கு 44,950 கேட்டவரிடம் மூன்று பஞ்சாயத்து பேசி 22,500-க்கு முடித்தோம். அதுவும் கொடுத்திருக்கக் கூடாது என்பது செயலாளராகிய என் கருத்து, கமிட்டியில் தோற்றுவிட்டேன். சரிந்த கரைக்குக் கருங்கல் அடுக்கி வெட்டிவேர் வைத்தது 41,000. ஆக 5,80,000 திட்டம் 6,43,500-இல் வந்து நின்றது.

வரவு 6,38,200. கொடுத்தவர்கள்: கிழக்குத்தோட்டத்து அண்ணன் தம்பி நால்வர், தறி போட்டிருக்கும் பதினொரு குடும்பம், பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் சீட்டு சேர்த்துக் கொடுத்தது, டீக்கடைக்காரர், மளிகைக்கடை அம்மா, டெம்போ ஸ்டாண்டு டிரைவர்கள், வெளியூரில் இருக்கும் மாப்பிள்ளைமார் ஆறு பேர், பேர் வேண்டாம் என்ற ஒருவர், பேர் பெரிதாக வேண்டும் என்ற ஒருவர். பெயரும் தொகையும் மண்டபப் பலகையில் முழுதாக எழுதியிருக்கிறோம். குறைந்த 5,300-ஐப் பொருளாளர் தன் கையிலிருந்து போட்டார், அவரைத்தான் கணக்கு கேட்கிறீர்கள்.

ஒரு வேண்டுகோள். நாணலுக்குள் படிந்த வண்டலை உரமென்று வெட்டித் தோட்டத்துக்கு ஓட்டாதீர்கள். ஏற்கெனவே ரெண்டு டிராக்டர் போயிருக்கிறது, யாருடையது என்றும் தெரியும். சருகைக் கரையிலேயே கொளுத்துவதும் வேண்டாம், செடி உறிஞ்சி வைத்தது சாம்பலோடு திரும்ப ஆற்றுக்குத்தான் போகும்.

வவுச்சர் பைல் மண்டப பீரோவில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் ஆறுக்கு மேல் வாருங்கள், அதுவரை பொருளாளர் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார், சாவி அவரிடம்தான்.