ஞாயிறு காலை ஏழரை மணிக்கு

மன்னார்குடி,
ஐப்பசி 20.

அன்புள்ள நண்பா,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கோலை ஊன்றிக்கொண்டு வாசல்வரை நடக்கிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபி வலிக்கத்தான் செய்யும், பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடு. கோயம்புத்தூர்க் குளிர் வேறு ஆரம்பித்துவிடும்.

அன்றைக்குப் பேசும்போது ஒன்று கேட்டாய். "எல்லார் கையிலும் செல்போன் இருக்கிற காலத்தில் லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசுகிற அந்த ஹாம் ரேடியோவை, அந்தக் கம்பியையும் மைக்கையும் நீ இன்னும் விடவில்லையா?" வீட்டில் விருந்தாளிகள் இருந்ததால் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். கேட்டது நீ என்பதால் அது மனதை விட்டுப் போகவே இல்லை. ஹாஸ்டல் மொட்டைமாடியில் என்னோடு சேர்ந்து ஆன்டெனா கட்டியவன், மோர்ஸ் தந்திக் குறியீடு பழக மெஸ் தட்டில் கரண்டியால் தட்டி வார்டனிடம் திட்டு வாங்கியவன் கேட்கிற கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டாமா? அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் எங்கள் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். காலை ஏழரைக்கு 7.085 மெகாஹெர்ட்ஸில் எங்கள் ஹாம் கிளப்பின் நெட், அதாவது எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுகிற சந்திப்பு, நடக்கும். கிளப்பில் பத்தொன்பது பேர். வாராவாரம் தவறாமல் வருகிறவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதை நடத்துகிற நெட் கன்ட்ரோல் ஒரு பாட்டு டீச்சர். அவருக்குப் பிறவியிலேயே கண் பார்வை கிடையாது. பத்தொன்பது பேரின் கால்சைனும், அதாவது லைசென்ஸோடு கிடைக்கிற அழைப்புக் குறியும், வரிசையாக அவருக்கு மனப்பாடம். யாராவது மைக்கை அழுத்திவிட்டு வாய் திறப்பதற்குள், பின்னால் கேட்கிற ஃபேன் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். வருகிறவர்கள் பெயரைப் பிரெயிலில் குறித்துக்கொள்வார். குத்தூசி தாளில் விழும் "டிக், டிக்" சத்தம் மைக் வழியாக எங்களுக்கும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் நம் பெயர் பதிவாகிவிட்டது என்று அர்த்தம்.

முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், வயது எழுபத்தெட்டு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் மஸ்கட்டில். ஞாயிறு நெட் அவருக்குக் கோயிலுக்குப் போகிற மாதிரி. போன புரட்டாசியில் ஒரு ஞாயிறு, டீச்சர் கூப்பிட்டார், பதில் இல்லை. மற்றவர்களை எல்லாம் முடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தரமும் கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. செல்போனுக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். அப்புறம் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்துவிட்டோம். "போன வாரமே குரல் இளைத்திருந்தது", "சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா தெரியவில்லையே", "யாராவது நேரில் போய்ப் பாருங்கள்". திருத்துறைப்பூண்டியில் மொபைல் கடை வைத்திருக்கிற எங்கள் கிளப் பையன் கடையைத் திறக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

போய்ப் பார்த்தால் பெரியவர் செட்டுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுக்கு மேலே ஆன்டெனாவுக்குப் போகிற கோஆக்ஸ் கேபிளை அணில் கடித்துக் குதறியிருக்கிறது. நாங்கள் பேசியது எல்லாம் இரைச்சலுக்கு நடுவே மெலிசாக அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் பேசியதுதான் வெளியே போகவில்லை. டீச்சர் கூப்பிட்ட மூன்று தடவையும் பதில் சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டுப் பேசிய ஒவ்வொருவருக்கும், "நான் நன்றாக இருக்கிறேன், இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பையன் உள்ளே நுழைந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாராம், கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லையாம். அன்றைக்கே கேபிளை மாற்றி, பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, பி.எல்.259 கனெக்டரைப் புதிதாகப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு வந்தான். அடுத்த ஞாயிறு அவர் குரல் ஐந்து-ஒன்பதாக, தெளிவாகவும் பலமாகவும் வந்தது. டீச்சரின் குத்தூசி அன்று கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

இந்தக் கிளப்பை ஏன் ஆரம்பித்தேன் என்று உன்னிடம் முழுசாகச் சொன்னதே இல்லை. 2004 டிசம்பரில் நம்மைப் போல் ஹாமான பாரதி பிரசாத் அந்தமானுக்குப் போய், வி.யு.4 என்று தொடங்குகிற அபூர்வமான கால்சைனில் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். 26-ஆம் தேதி காலை சுனாமி வந்தது. அதுவரை விளையாட்டாக நடந்துகொண்டிருந்த நிலையம் அந்த நொடியிலிருந்து தீவுகளுக்கும் மெயின்லேண்டுக்கும் செய்தி கொண்டுபோகிற பாலமாக மாறிவிட்டது. அதை நான் பேப்பரில்தான் படித்தேன். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இங்கிருந்து கடல் எத்தனை தூரம்? என்னிடம் லைசென்ஸ் இருந்தது. நல்ல செட் இருந்தது. பரணில், சாக்கு சுற்றி. இறக்கித் தூசி தட்டினால் பவர் சப்ளை வேலை செய்யவில்லை, மைக் வயர் அறுந்திருந்தது. எந்த அதிர்வெண்ணில் யார் இருப்பார்கள் என்பதுகூட மறந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்வதற்குள் நாலு நாள் ஓடிவிட்டது. கருவி கையில் இருந்தும் பழக்கம் விட்டுப்போனால் ஒன்றுக்கும் ஆகாது என்பதை அந்த நாலு நாளில் தெரிந்துகொண்டேன். வேலை வேலை என்று இருபது வருஷத்தை ஓட்டிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. நீயும் அப்போது விட்டிருந்தாய், அதனால் உன்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து நாலு பேரைச் சேர்த்து ஞாயிறு நெட்டை ஆரம்பித்தேன்.

அது பலன் கொடுத்தது 2018-ல். நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரையேறியது. டெல்டா முழுக்கத் தென்னை சாய்ந்த படங்களைப் பார்த்திருப்பாய். மின்கம்பங்கள் வரிசையாகக் கிடந்தன, செல்போன் டவர்கள் செத்துப்போயிருந்தன. நாங்கள் ஏழு பேர், இரண்டு இடம். ஒன்று இங்கே ஒரு பள்ளிக்கூடம், இன்னொன்று வேதாரண்யம் பக்கம் ஒரு முகாம். நடுவில் அறுபது கிலோமீட்டர் இருக்கும். கையில் வைத்திருக்கிற வி.எச்.எஃப். செட்டெல்லாம் அந்தத் தூரத்துக்கு எடுபடாது. இருபது மீட்டர் கம்பியை நடுவில் வெட்டி டைபோல் ஆன்டெனா ஆக்கினோம். கட்ட மரம் வேண்டுமே? மைதானத்துத் தென்னை அத்தனையும் படுத்துவிட்டன. மூலையில் ஒரு பனை மட்டும் ஓலை பிய்ந்து நின்றுகொண்டிருந்தது. ஒரு முனையைப் பனையில், மறு முனையைத் தண்ணீர்த் தொட்டியில் கட்டினோம். உயரம் ஐந்தாறு மீட்டர்தான். அதுவும் நல்லதாகப் போயிற்று. தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, முன்னூறு நானூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் குடை பிடித்த மாதிரி இறங்கும். நமக்கு வேண்டியதும் அதுதானே. லாரி பேட்டரியில் செட் ஓடியது.

ஆனால் ஒரு தப்பு நடந்தது. அதை மறைக்க மாட்டேன். நாலைந்து நாள் கழித்து மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஓட்டை உடைசலில் இருக்கிறவர்களுக்கு அறுபது தார்ப்பாய் வேண்டும் என்று முகாமிலிருந்து செய்தி வந்தது. இடி இரைச்சலில் எனக்கு "...பது தார்ப்பாய்" என்றுதான் விழுந்தது. இருபது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சொல்லிப் பார், இருபது, அறுபது, எழுபது எல்லாம் ஒரே வாலோடு முடிகின்றன. தலையை இரைச்சல் தின்றுவிட்டால் மிஞ்சுவது பதுதான். வண்டி இருபது தார்ப்பாயோடு போய் நின்றது. மீதி நாற்பது மறுநாள் மதியம்தான் போய்ச் சேர்ந்தது. நாற்பது குடும்பம் ஒரு ராத்திரி நனைந்தது. இன்றைக்கும் மழை பெய்தால் எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வருகிறது.

அதற்குப் பிறகு கிளப்பில் சட்டமே போட்டுவிட்டோம். அறுபது என்று யாரும் சொல்லக் கூடாது. "ஆறு, பூஜ்யம்." வாங்கினவர் எழுதினதை அப்படியே திருப்பிப் படிக்க வேண்டும், அனுப்பினவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் தாள் கை மாறும். ஊர்ப் பெயர்களுக்கு எழுத்துக்கூட்ட ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ என்றால் முகாமில் இருக்கிற தன்னார்வலருக்குப் புரியாது. அதனால் அ அம்மா, க கடல், ம மரம் என்று தமிழிலேயே ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். மாதத்தில் ஒரு நாள் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் மின்சாரம் இல்லாமல் செட்டை நிறுத்தி, ஒத்திகைச் செய்திகளை அனுப்பி வாங்கிப் பழகுகிறோம். வேண்டுமென்றே ஒருவன் பக்கத்தில் தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்பான். ஐம்பது செய்தியில் ஒன்று பிசகினாலும் முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

பிள்ளைகள் வருகிறார்கள் என்பதுதான் இப்போது எனக்குப் பெரிய சந்தோஷம். போன மாதம் ஹரித்ராநதியைச் சுற்றி நரி வேட்டை வைத்தோம். சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றை ஒளித்து வைத்துவிட்டு ஆன்டெனாவை வைத்துத் தேடிப் பிடிக்கிற விளையாட்டு. தையல்காரர் டேப் இல்லை, கொத்தனார் வைத்திருக்கிற ஸ்டீல் டேப், அதை வெட்டி பி.வி.சி. குழாயில் கட்டி, திசை கண்டுபிடிக்க உதவுகிற யாகி ஆன்டெனா செய்ய அவர்களுக்கே சொல்லிக் கொடுத்தோம். அவ்வளவு பெரிய குளம், நாலு கரையிலும் வீடு. சுவரில் பட்டுத் திரும்புகிற அலையை நம்பிப் பெரிய பையன்கள் எல்லாம் தப்பான கரைக்கு ஓடினார்கள். அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிற ஒரு பெண்ணுக்கு ஆன்டெனா கிடைக்கவில்லை, வெறும் கையடக்க செட்தான். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினாள். சத்தம் எங்கே அதிகம் என்று பார்க்காமல் எங்கே அடங்குகிறது என்று பார்த்தாள். உடம்பு மறைக்கிறபோது சத்தம் அடங்கும், அப்படியானால் நரி முதுகுக்குப் பின்னால். மூன்றே இடத்தில் நின்று சுற்றிவிட்டு, நேராகப் போய்ப் படித்துறை ஓரத்துப் பூந்தொட்டிக்குள் கையை விட்டு எடுத்துவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயது நிரம்பினால் லைசென்ஸ் தேர்வு எழுதலாம் அல்லவா, இப்போது அவள் ஓம் விதி படித்துக்கொண்டிருக்கிறாள். மோர்ஸை நம் பாட்டு டீச்சரிடம் பழகுகிறாள். டீச்சர் அதைத் தாளக்கட்டாகவே சொல்லிக் கொடுக்கிறார், நாம் கரண்டியில் கற்றதைவிட சுத்தமாக வருகிறது.

விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகிறபோது 145.800-ல் வருகிற சத்தத்தையும் பிள்ளைகளோடு கேட்கிறோம். சில நாட்களில் படம் அனுப்புவார்கள், திரையில் கோடு கோடாக இறங்கும். அதைப் பற்றி இன்னொரு கடிதம் எழுதுகிறேன்.

கஷ்டம் இல்லாமலும் இல்லை. படித்து லைசென்ஸ் வாங்கின பையன்கள் வேலைக்குச் சென்னை, பெங்களூரு என்று போய்விடுகிறார்கள். தெருவில் ஒருவர் என் ஆன்டெனா இடியை இழுக்கும் என்று இரண்டு முறை சண்டைக்கு வந்தார். மின்னல் தெரிந்தாலே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுவேன் என்று காட்டினேன். இப்போது மழை இருட்டிக்கொண்டு வந்தால் அவரே குரல் கொடுத்து ஞாபகப்படுத்துகிறார்.

அப்புறம், உன் செட் இன்னும் இருக்கிறதா? விற்றிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். மகனை விட்டுப் பரணிலிருந்து இறக்கச் சொல். நீ ஏறாதே. பவர் சப்ளையை உடனே போட்டுவிடாதே, பழைய கெபாசிட்டர் வெடிக்கும், ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடு. மாடியில் பக்கத்துக்குப் பத்து மீட்டர் நீட்ட இடம் இல்லையென்றால், நடுவில் ஒரு மூங்கிலை நட்டு இரண்டு பக்கமும் சரித்துக் கட்டு, அது போதும். லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்க எழுதிப் போடு, இந்த முறை ஆயுளுக்கும் வாங்கிவிடு. அது வருகிறவரை மைக்கைத் தொட வேண்டாம். கேட்க மட்டும் செய். காலை ஏழரைக்கு மன்னார்குடியிலிருந்து கோயம்புத்தூருக்கு 7 மெகாஹெர்ட்ஸ் தெளிவாகவே போகும்.

உன் பழைய கால்சைனை டீச்சரிடம் கொடுத்திருக்கிறேன். இருபதாவதாகச் சேர்த்துக்கொண்டார். இரண்டு வாரமாகக் கடைசியில் அதையும் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டுப் பத்து விநாடி ஒன்றும் பேசாமல் காத்திருக்கிறார், நாங்களும் யாரும் மைக்கை அழுத்துவதில்லை. அப்புறம்தான் நெட்டை மூடுகிறார்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

நம் ஹாம் வழக்கப்படி வாழ்த்துச் சொல்லி, 73,
உன் அறைத்தோழன்.