மேகன் ஜாஸ்பருக்கு: அந்த போன் வராமலே போயிருந்தால்?

அன்புள்ள மேகன் ஜாஸ்பர் அவர்களுக்கு,

1992 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் வந்த கிரஞ்ச் (சியாட்டிலில் கிளம்பிய ராக் இசை) அகராதியை நேற்று ராத்திரி மறுபடி படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். சியாட்டில் பிள்ளைகள் தங்களுக்குள் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று நிருபர் போனில் கேட்க, நீங்கள் வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்துவிட்டீர்கள். சும்மா பொழுதைக் கழிப்பதற்கு ‘ஸ்விங்கிங் ஆன் த ஃப்ளிப்பிட்டி ஃப்ளாப்’. உருப்படாதவனுக்கு ‘காப் நாப்லர்’. அதையும் நம்பி அச்சடித்தார்கள்!

கிரஞ்ச் சியாட்டிலைத் தாண்டாமலே போயிருந்தால்? ஹேர் மெட்டல் என்ற எண்பதுகளின் ராக் கோஷ்டி ஸ்பிரே அடித்த முடியோடு இன்னும் பத்து வருஷம் ஆண்டிருக்கும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1991 மே மாதம், ஆல்பங்களின் விற்பனைப் பட்டியல் போடும் பில்போர்டு பத்திரிகை, கடைக்காரர்கள் வாய்வழியாகச் சொன்ன கணக்கை விட்டுவிட்டு, சவுண்ட்ஸ்கேன் மூலம் கல்லாவில் பதிவான விற்பனையை எண்ண ஆரம்பித்தது. அடுத்த மாதமே ராப் குழு என்.டபிள்யூ.ஏ. முதலிடம். செப்டம்பரில் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸ். கிரஞ்ச் குழுவான நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் அந்த செப்டம்பர் 24-இல்தான் வெளியானது; மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வர ஜனவரி ஆயிற்று. ஆக, காலியாகிக்கொண்டிருந்த நாற்காலியில் ராப்பும் கன்ட்ரியும் ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டன. கிதார் கேட்டே தீருவேன் என்பவர்களுக்கு மெட்டாலிகாவின் கறுப்பு ஆல்பம் இருந்தது.

என் கவலை வேறு. நிர்வாணாவின் முதல் ஆல்பம் ‘ப்ளீச்’சுக்கு ஆன ஒலிப்பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். அதைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மன். அதில் அவர் ஒரு கம்பியைக்கூட மீட்டவில்லை. ஆனாலும் கிதார் கலைஞர் என்று அட்டையில் பெயர் போட்டார்கள். என்ன ஒரு நன்றிக்கடன்! நெவர்மைண்ட் ஓடியிராவிட்டால் இதையெல்லாம் யார் தோண்டி எடுத்திருக்கப் போகிறார்கள்?

அப்புறம் சப் பாப். 1991-இல் கையில் காசில்லாமல் உங்களையே வேலையை விட்டு அனுப்பிய இசைத்தட்டு நிறுவனம். நிர்வாணாவை கெஃபன் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்தபோது போட்ட ஒப்பந்தப்படி வந்த ராயல்டிதான் அதைக் கரையேற்றியது. அது மட்டும் வராதிருந்தால், பிற்பாடு நீங்கள் திரும்பிப்போய்த் தலைமைப் பொறுப்பேற்க அங்கே கதவே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆடை வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸுக்கு வேண்டுமானால் லாபம். இரண்டு டாலர் ஃபிளானல் சட்டையின் கட்டத்தைப் பட்டில் அச்சடித்து மேடையேற்றியிருக்க மாட்டார். அதனால் பறிபோன பெரி எல்லிஸ் நிறுவன வேலையும் தப்பித்திருக்கும்.

பத்திரிகைகள் மட்டும் சும்மா இருந்திருக்காது. அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு ஊர் வேண்டும். சியாட்டில் இல்லையென்றால் சேப்பல் ஹில், அதுவும் இல்லையென்றால் மினியாபொலிஸ். அங்கே போனை எடுத்தவர், பாவம், கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் அகராதியின் வாசகன்