தம்பிக்கு, தூரவாணி நகரிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நான் கேட்க வந்தது என் வாயிலேயே நின்றுவிடுகிறது. ஆகையால்தான் எழுதுகிறேன். ஒரே பெங்களூருக்குள், ஒரே மெட்ரோ வழித்தடத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று உன் அக்கா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

முதலில், நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட நீ பொருத்திவிட்டுப் போன சம்ப் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ஒழுங்காகவே வேலை செய்தது. பிறகு காவிரித் தண்ணீர் விடும் நாள்களில், அதுவும் சம்ப் நிறையும் நேரம் பார்த்து, போனில் பாதிதான் இருக்கிறது என்று காட்டத் தொடங்கியது. உன்னைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். வேலை நேரமாக இருக்குமே என்று விட்டுவிட்டு, நானே மூடியைத் திறந்து பார்த்தேன். சென்சார் ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறது என்று நீ விளக்கியது நினைவிருந்தது. ஒலியோ நொடிக்கு 340 மீட்டர் போவது. தண்ணீர் ஏறி ஏறி சென்சாருக்கு 20 சென்டிமீட்டருக்கும் கிட்டே வந்துவிட்டால், அனுப்பிய அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி வந்து சேர்ந்துவிடுகிறது, கருவிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியவில்லை. மூடியின் மேல் இரண்டு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டை நிறுத்தி அதன் உச்சியில் சென்சாரை உட்கார வைத்தேன். குழாயின் விளிம்பிலேயே ஒலி பட்டுத் திரும்பியது. நான்கு அங்குலக் குழாய்க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. விடியற்காலையில் சென்சாரின் முகத்தில் நீர்த்துளி கோத்துக்கொண்டால் மட்டும் இன்னும் தப்பாகக் காட்டுகிறது. ஒரு துணியால் துடைத்துவிடுகிறேன். இதை உங்கள் கூட்டத்தில் சொல். டேங்கர் லாரிக்காரரை எப்போது அழைப்பது என்று இந்தக் கருவியை நம்பி எத்தனையோ வீடுகள் முடிவு செய்யப்போகின்றன; வரைபடத்தில் குழாயையும் சேர்த்துவிடுங்கள்.

அந்தச் சனிக்கிழமை என்னை, சொந்தமாகக் கருவிகள் செய்கிறவர்கள் கூடும் உங்கள் ஹேக்கர் கூடத்துக்கு அழைத்துப் போனதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரு மேசையில் செத்துப்போன வால்வு ரேடியோ, அடுத்ததில் 3டி பிரிண்டர், மூலையில் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலிருந்து கிலோ கணக்கில் வாங்கி வந்த பழைய சர்க்யூட் போர்டுகளிலிருந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண். என்ன படித்தீர்கள், என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அந்தப் பெண் பற்றவைத்ததைப் பார்த்து, "இது டிரை சால்டர் அம்மா, பார்க்க ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், ஆட்டினால் விட்டுவிடும்" என்று நான் சொன்ன மாத்திரத்தில் பற்றவைக்கும் அயர்னை என் கையில் கொடுத்துவிட்டாள். ஈயத்தைச் சூடாக்காதே, கம்பியையும் தகட்டையும் சூடாக்கு, ஈயம் தானாக ஓடி வரும் என்று சொல்லிக்கொடுத்தேன். மங்கலாக நின்ற இடம் பளபளவென்று ஆனதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. டெலிபோன் தொழிற்சாலையில் எங்கள் லைனில் புதிதாகச் சேரும் பெண்களும் இப்படித்தான் விழிப்பார்கள்.

அங்கே கண்ணாடி போட்ட பையன் ஒருவன் உன்னைப் புகழ்ந்து தள்ளிவிட்டான். "வார நாள்களில் பகல் பதினொரு மணிக்கே வந்து கதவைத் திறந்து வைப்பது உங்கள் மகன்தான் அம்மா. அவர் அப்படி வரத் தொடங்கிய பிறகுதான் எங்கள் வேலைகள் ஒவ்வொன்றாக முடிகின்றன" என்றான். கேட்கப் பெருமையாக இருந்தது. உங்கள் அலுவலகத்தில் அதற்கெல்லாம் நேரம் தருகிறார்கள் போலும். இப்போது எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்கிறார்கள். எனக்கு அதன் நடைமுறை தெரியாது.

ஆனால் அந்த ஜன்னல்! அவ்வளவு பேர் பற்றவைக்கும் அறையில் ஒரே ஒரு ஜன்னல், அதையும் கொசு வருமென்று மூடி வைத்திருக்கிறீர்கள். புகையாக எழுவது ஈயம் அன்று, ஈயக்கம்பிக்குள் இருக்கும் ரோசின் என்ற பிசின். அது மூச்சுக்கு ஆகாது, உனக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது உனக்கே தெரியும். ஈயம் கை வழியாக வாய்க்குப் போகும். அயர்னைக் கீழே வைத்த கையோடு மசால் வடையை எடுத்துச் சாப்பிட்டாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடு. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கிப் போடுங்கள்.

பெரிய மாமா போன வாரம் வந்திருந்தார். ஹேக்கர்கள் கூடும் இடத்துக்கு உன் பிள்ளை போகிறானாமே, நாளைக்குப் போலீஸ் வந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஆம் பிரிவு, மூன்றாண்டுச் சிறை, ஐந்து லட்சம் அபராதம் என்றெல்லாம் அடுக்கினார். அடுத்தவர் கணினிக்குள் அனுமதியில்லாமல், கெட்ட எண்ணத்தோடு நுழைகிறவனுக்கு அந்தப் பிரிவு; தன் காசில் வாங்கிய சர்க்யூட் பலகையில் தன் வீட்டுத் தண்ணீரை அளக்கிறவனுக்கு என்ன வழக்கு என்று கேட்டேன். நீங்கள் வீட்டுக்கு வீடு அளவுகளை அனுப்பிக்கொள்ளும் அந்த ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டா என்றார். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, சொன்ன சக்தி வரம்புக்குள் இருந்தால், நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். மாமா காப்பியைக் குடித்துவிட்டு, "சம்பளம் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டார். வருகிறது என்றுதான் சொன்னேன்.

மெட்ரோவில் வரும்போது நீ அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக் கதையைச் சொன்னாய் அல்லவா? 1946-ல் தொடங்கிய ரயில் மாதிரிக் கழகம், மேசைக்கு மேலே பொம்மை ரயில், கீழே டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் ரிலேக்களைக் கொண்டு மாணவர்கள் கட்டிய கட்டுப்பாட்டுச் சுற்று. ஹேக்கர்களின் மூதாதையர்களாக நீங்கள் கொண்டாடுகிறவர்கள் அந்த மேசைக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்கள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரிலே என்றால் என்னவென்று என்னைக் கேள்; மின்சாரம் வந்ததும் காந்தம் இழுத்துப் பட்டைகளைத் தொடவைக்கும் சுவிட்ச். பழைய ஸ்ட்ரௌஜர் வகை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போன 3000 வகை ரிலேயில், ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளி பார்த்து, கிராம் கேஜால் அழுத்தம் பார்த்து, பட்டையை மயிரிழை அளவுக்கு வளைத்துச் சரிசெய்து, ஒவ்வொன்றையும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பியவள் நான். அழுத்தம் கூடினால் இழுக்காது, குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். ஊர் முழுவதும் மணியடித்தது அந்தப் பட்டைகள் ஒழுங்காகத் தொட்டதால்.

கலிபோர்னியாக் கதையையும் உன் அக்கா மகள் யூடியூபில் போட்டுக் காட்டினாள். 1975 மார்ச் 5 அன்று மென்லோ பார்க்கில் ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூடிய ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்; அதற்கு வந்துகொண்டிருந்த வோஸ்னியாக் தம் கணினியின் வரைபடத்தை நகலெடுத்துக் கூட்டத்தில் எல்லோருக்கும் சும்மாவே கொடுத்தது. நீயும் சம்ப் கருவியின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாய். அதில் எனக்கு வருத்தமில்லை, பெருமைதான். ஆனால் அவரைப் பற்றி நீ என்னிடம் சொல்லாத ஒன்று அதில் வந்தது. அவ்வளவு நாளும் அவர் ஹியூலெட் பேக்கார்டில் பகல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். கணினியை முதலில் அந்த நிறுவனத்துக்கே காட்டினாராம். அவர்கள் வேண்டாம் என்றார்களாம். 1976 ஏப்ரலில் ஆப்பிளைத் தொடங்கிய பிறகும் பல மாதங்கள் அந்த வேலையை விடவில்லையாம். அது எனக்குப் பிடித்திருந்தது. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

உன் சித்தப்பா காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய்க் கப்பன் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு, ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு வீடு திரும்பிய காலம் உனக்கும் தெரியும். அவருடைய வேலை போனதில் யாருக்கும் அவர்மேல் கோபமில்லை. டிபனைக் கட்டிக் கொடுத்தவளுக்குத்தான் கோபம், அதுவும் வேறு காரணத்துக்காக. இதை இங்கே ஏன் எழுதினேனோ தெரியவில்லை. வெட்டிவிட்டால் தாள் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

கூடத்து வாடகையை எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறீர்கள் என்றாய். அயர்னைத் தொட்டவள் என்ற முறையில் எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஆகட்டும், வாடகைக்கு ஆகட்டும், கூடத்துக்கு வேண்டாமென்றால் உன் செலவுக்கே ஆகட்டும். கணக்குக் கேட்க மாட்டேன். அடுத்த மாதமும் போடுவேன். என் பென்ஷனில் எனக்கு என்ன பெரிய செலவு இருக்கிறது? திருப்பி அனுப்பினால்தான் கோபப்படுவேன்.

உங்கள் கருவிகளின் உள்ளே ஒயர்கள் கிடக்கிற கோலத்தைப் பார்த்தேன். அதை யாராவது ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும், நானே வருகிறேன். பலகையில் ஆணி அடித்து, வளைவு வளைவாக ஒயர்களை ஓட்டி, மெழுகு பூசிய நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால் கேபிள் ஃபார்ம் அப்படியே விறைப்பாக எழுந்து நிற்கும்; எந்த ஒயர் எங்கே போகிறது என்று இருபது வருடம் கழித்துத் திறந்தாலும் தெரியும். நூல் உண்டை ஒன்று இன்னும் பரணில் இருக்கிறது, அதை இறக்கித் தர ஆள் வேண்டும். நீ வந்தால் முதலில் உனக்குக் கற்றுத்தந்துவிடுவேன், அங்கே எனக்குத் துணையாக இருக்கும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று வரிசையாக எடுக்க வேண்டும். டியூப்லைட்டில் நீலமும் ஊதாவும் சாம்பலும் என் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. ஆகவே ராத்திரி வராதே. சனிக்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம். செவ்வாயோ புதனோ, கூடத்துச் சாவியை அந்தக் கண்ணாடிப் பையனிடம் கொடுத்துவிட்டு, பகல் பதினொரு மணிக்கெல்லாம் இங்கே வந்துவிடு. கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாடு தயாராக இருக்கும். அக்கா அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருப்பாள், மாமாவும் வர மாட்டார்.

அன்புடன்,
அம்மா