உள்ளே வர இன்னொரு வழியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இதழின் இணையப் பதிப்புக்குச் சந்தா கட்டிப் படித்து வருகிறேன். போன மாதம் வரை மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே வந்தேன். இப்போது அது இல்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கு இருந்தால்தான், அதற்கான பொத்தானை அழுத்தி நுழைய முடிகிறது. அந்தப் பொத்தானை எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. எல்லாத் தளத்துக்கும் ஒரே கடவுச்சொல்லைப் போட்டு வைப்பதைவிட அது பாதுகாப்பானதுதான். அது ஒன்றுதான் வழி என்று ஆக்கியதுதான் எனக்குப் பெரிய கவலை.

போன வருடம் என் தம்பியின் கணக்கு ஒன்று திடீரென்று முடக்கப்பட்டது. காரணம் சொல்லவில்லை. அவன் கடைக்குச் சரக்கு எடுக்கும் தளம், பில் போடும் மென்பொருள், மகளின் இணைய வகுப்பு எல்லாமே அந்த ஒரு கணக்கை நம்பி இருந்தன. முறையிடப் போனால் பேச ஆள் கிடையாது, ஒரு படிவம்தான். பத்தொன்பது நாள் தவித்துப் போனான்.

இந்தப் பயம் புதிதல்ல. ஒரே கணக்கை வைத்துப் பல தளங்களில் நுழையும் இதே ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 1999-இல் 'பாஸ்போர்ட்' என்று கொண்டுவந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் அதன் இணைய முகவரிக்கான 35 டாலர் கட்டணத்தைக் கட்ட மறந்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த அவர்களுடைய மின்னஞ்சல் சேவையான ஹாட்மெயிலில் பலரால் நுழைய முடியவில்லை. வெளியாள் ஒருவர், ஒரு லினக்ஸ் நிரலாளர், தன் கையிலிருந்து கட்டினார். 2001-இல் சன் என்ற கணினி நிறுவனம் முன்னின்று, போட்டியாக 'லிபர்டி அலையன்ஸ்' என்ற கூட்டமைப்பு உருவானது. மறு வருடம் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், பாஸ்போர்ட்டின் பாதுகாப்பைப் பற்றி மிகைப்படுத்திச் சொன்னதாகவும், சொன்னதற்கு மேல் தகவல் சேகரித்ததாகவும் மைக்ரோசாஃப்ட் மீது குற்றம் சாட்டி உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2005 தொடக்கத்தில் ஈபே என்ற இணைய ஏலத் தளம் பாஸ்போர்ட்டைக் கைவிட்டது. அன்றைக்கு ஊரே சந்தேகப்பட்ட ஒன்றை இன்றைக்கு யோசிக்காமல் ஏற்றுக்கொள்கிறோமே, அதுதான் மனதை உறுத்துகிறது. 2020 டிசம்பர் 14 அன்று கூகுளின் உள்நுழைவு அமைப்பு முக்கால் மணி நேரம் பழுதானபோது, ஜிமெயிலும் யூடியூபும் சேர்ந்து நின்றன. அந்தக் கணக்கை நம்பியிருந்த வெளித்தளங்களுக்கும் அதே கதிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யார் எந்தத் தளத்துக்குள் எப்போது நுழைகிறார் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. நான் எந்த இதழுக்கு வாசகன் என்பது எனக்கும் உங்களுக்கும் இடையில் இருக்க வேண்டிய விஷயம்.

இதற்குப் பெரிய செலவும் ஆகாது. மின்னஞ்சலுக்கோ கைபேசிக்கோ ஒருமுறை மட்டும் செல்லும் எண் (ஓடிபி) அனுப்பி உள்ளே விடலாம். கடவுச்சொல் இல்லாமல், கைபேசியைத் திறக்கும் கைரேகையாலோ பூட்டு எண்ணாலோ நுழையும் 'பாஸ்கீ' முறை வேறு வந்திருக்கிறது. அப்புறம், ஏற்கெனவே பொத்தான் வழியாக வந்தவர்களும் தங்கள் சந்தாவோடு இரண்டாவதாக ஒரு வழியை இணைத்துக்கொள்ள வசதி செய்யுங்கள். முடக்கம் வந்த பிறகு அதைச் செய்ய முடியாது.

என் சந்தா தை மாதம் முடிகிறது. புதுப்பிக்க வரும்போது பழைய வழி திறந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர் ஒருவர்,
கரூர்.