திருப்பணி நிறைவு அறிக்கை: தண்ணீர் போகும் வழியிலிருந்து கும்பம் வரை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பிந்தைய மண்டலாபிஷேகம் 48 நாளும் முடிந்தது. சாரக் கம்புகளும் வாடகைக் கணக்குத் தீர்த்துத் திரும்பிப் போய்விட்டன. வரவு செலவு விவரம் தணிக்கையாளர் கையெழுத்தோடு தனி இணைப்பாக இருக்கிறது, ரூபாய்க் கணக்கை அதில் பார்த்துக்கொள்ளலாம். எந்த வேலையை முதலில் எடுத்தோம், எதைத் தள்ளிவைத்தோம், ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். கூட்டத்திலும் டீக்கடையிலும் எங்களை அதிகம் கேட்டது அதைத்தான்.

முதல் பொதுக்குழுவிலேயே எழுந்த கேள்வி, "கும்பாபிஷேகம் என்றைக்கு?" முந்தைய குடமுழுக்கு நடந்து 12 வருஷம் தாண்டிவிட்ட ஆதங்கம் அதில் இருந்தது. வெளியூர்க்காரர்கள் லீவு சொல்ல வேண்டும், ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும், எல்லாம் புரிகிறது. ஆனாலும் கருவறைக்கு மேலுள்ள விமானத்தின் வேலை முடியாமல் நாள் குறிப்பதில்லை என்று அன்றே தீர்மானம் போட்டோம். பத்திரிகை அடித்துவிட்டால் அப்புறம் வேலை முழுவதும் அந்தத் தேதியைத் துரத்திக்கொண்டு ஓடும். ஈரம் காயாத சுதையின் (சுண்ணாம்புச் சாந்து வேலையின்) மேல் வர்ணம் ஏறும், அடுத்த ஐப்பசியில் அது பொரிந்து உதிரும். இந்தத் தீர்மானத்தை மாற்றச் சொல்லி வந்த சிபாரிசுகளை எண்ணி மாளாது.

கோயில் கட்டடக் கலைஞரான ஸ்தபதி வந்த அன்று எல்லோரும் அவரை விமானத்தடிக்கு அழைத்துப் போகப் பார்த்தோம். அவரோ, "மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்றுதான் முதலில் கேட்டார். போகவில்லை, அதுதான் பிரச்சினை. வெளிப் பிராகாரத்தில் பழைய கல்தளத்தின் மேல் சிமெண்ட், அதன் மேல் இன்னொரு சிமெண்ட் என்று ஏறி ஏறி, கருவறை அதிஷ்டானத்தின் (அடிப்பீடத்தின்) கீழ் அடுக்கு புதைந்தே போயிருந்தது. வாசலில் ரோடும் உயர்ந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் சுவரடியில் தேங்கி, ஈரம் மேலே ஏறும். எனவே பிராகாரத்து சிமெண்டை உடைத்து எடுத்து, பழைய கல்தளத்தை மீட்டு, குளத்தை நோக்கி வாட்டம் வைத்து, தூர்ந்த வடிகாலைத் திறந்ததுதான் திருப்பணியின் முதல் வேலை.

இதற்குப் பணம் திரட்டியது தனிக் கதை. கோபுரக் கலசத்துக்கும் வெள்ளிக் கவசத்துக்கும் உபயதாரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வடிகாலுக்கு யார் வருவார்? கண்ணுக்குத் தெரியும் வேலைக்கு உபயம் தருகிறவர்கள், கூடவே ஒரு பங்கைப் பொது வேலைக்கும் தர வேண்டும் என்று விதி வைத்தோம். சிலர் முகம் சுளித்தார்கள், ஒன்றிரண்டு பேர் விலகியும் போனார்கள். போகட்டும் என்று விட்டோம். பெயர்களைத் தூணுக்குத் தூண் வெட்டாமல், அகர வரிசையில் ஒரே கல்வெட்டாக மடப்பள்ளிச் சுவரில் வைத்திருக்கிறோம். வடிகால் செலவில் பெரும்பகுதியை ஏற்ற குடும்பம் அதிலும் தங்கள் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அறநிலையத்துறையின் மண்டல, மாநில வல்லுநர் குழுக்கள் பார்த்து ஒப்புதல் தரும் வரை கட்டடத்தில் கை வைக்கவில்லை. அந்த மாதங்களைச் சுண்ணாம்புக்குப் பயன்படுத்திக்கொண்டோம். நீற்றிய சுண்ணாம்பு தொட்டியில் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுக் குழைத்தால்தான் சுதைக்குப் பிடிப்பு வரும். "சிமெண்ட் என்றால் சீக்கிரம் முடியுமே" என்று கேட்டவர்களை விமானத்தின் மேற்கு முகத்துக்கு ஏற்றிக் காட்டினோம். பழைய செங்கல்லின் மேல் முன்பு பூசிய சிமெண்ட், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பிப் பிளந்திருந்தது. பார்த்தவர்கள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. தை முதல் ஆவணி வரை சுதையும் மேல்தளத்துத் தட்டோடு (தட்டையான ஓடு) பதிப்பதும், மழைக்காலத்தில் உட்பிராகாரக் கல்வேலையும் வாகனங்களும் கதவுகளும் என்று ஆண்டைப் பிரித்துக்கொண்டோம். மழையைக் காரணம் காட்டி வேலையை நிறுத்தவும் இல்லை, மழையோடு மல்லுக்கட்டவும் இல்லை.

வடக்குச் சுவரில் பல தலைமுறையாக அடித்த வெள்ளை இருந்தது. மணலைப் பீய்ச்சி அடித்தால் ஒரே வாரத்தில் கல் பளிச்சென்று ஆகிவிடும் என்று ஒருவர் விலைப்புள்ளி கொடுத்தார். அந்த முறையைத் துறை தடை செய்திருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் செய்திருக்க மாட்டோம், கல்லின் மேல்தோலே உரிந்துவிடும். தண்ணீர் விட்டு நார்த் தூரிகையால் மெதுவாகத் தேய்த்தோம். வெள்ளைக்கு அடியில் எழுத்துகள் தெரிந்தன. தொல்லியல் துறைக்குச் சொல்லிப் படியெடுக்கக் கேட்டிருக்கிறோம். அந்தச் சுவருக்கு வர்ணம் அடிப்பதாக மதிப்பீட்டில் இருந்த இனத்தை எடுத்துவிட்டோம், அந்தத் தொகை கையிருப்பில் நிற்கிறது.

வேலையை நடத்திய விதம் எளிமையானது. ஒரு வேலைக்கு ஒரே பொறுப்பாளர். ஸ்தபதியிடம் பேசுகிறவர் அவர் மட்டும். அளவுப் புத்தகத்தில் அளந்து எழுதாத வேலைக்குத் தவணை கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் படம் மட்டும் போடலாம், முடிவு எடுப்பது ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபத்தில், நேரில். இந்தக் கடைசி விதிதான் எங்களைக் காப்பாற்றியது என்று செயலாளர் சொல்கிறார். பொருளாளருக்கு அளவுப் புத்தகம்தான் பெரிது.

சுதை காய்ந்து, வர்ணமும் முடிந்த பிறகு சிவாச்சாரியார் தந்த நாட்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தோம். சிலையைப் பீடத்தோடு ஒட்டவைக்கும் அஷ்டபந்தன மருந்து கோயிலிலேயே இடிக்கப்பட்டது. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டும் பதம் வருகிற வரை ஊர்ப் பெண்கள் முறைபோட்டு இடித்தார்கள்.

யாகசாலைக்குக் கீற்றுப் பந்தல்தான் அழகு என்று பெரியவர்கள் சிலர் வருந்தினார்கள். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் பற்றிய தீயிலும் நெரிசலிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. தகரக் கூரை, எதிரெதிரே அகலமான வழிகள், வெடிக்கு முழுத் தடை, ஜெனரேட்டர் மதிலுக்கு வெளியே என்று வைத்தோம். விமானத்தின் மேல் ஏறுவதற்கு அனுமதிச் சீட்டு வைத்ததில் பலருக்குக் கோபம். பிரமுகர்களுக்கும் அதே சீட்டுதான். அன்னதானம் குறையில்லாமல் நடந்தது.

தேர் இந்தத் திருப்பணியில் சேரவில்லை. 2022 ஏப்ரலில் தஞ்சை அருகே களிமேட்டில் சப்பரம் உயரழுத்த மின்கம்பியில் உரசிப் 11 பேர் இறந்தார்கள். நம் தேர் வீதியிலும் ரோடு உயர்ந்திருக்கிறது, கம்பிகள் தாழ்ந்திருக்கின்றன. மின்வாரியத்தோடு சேர்ந்து வீதியை அளந்து, அலங்காரத்தோடு தேரின் உயரம் எவ்வளவு இருக்கலாம் என்று எழுத்தில் வாங்கிய பிறகே மரவேலைக்கு மதிப்பீடு போடுவது என்று குழு முடிவு செய்திருக்கிறது. வசந்த மண்டபமும் பாக்கி, அதற்கு இப்போது நிதி இல்லை.

கையிருப்பைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் வைக்க அடுத்த பொதுக்குழுவில் ஒப்புதல் கேட்போம். விமான இடுக்கில் பறவை போட்ட விதையிலிருந்து அரசங்கன்று முளைத்தால் விரல் நீளத்தில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், வேர் செங்கல்லுக்குள் இறங்கினால் சுதையோடு பெயரும். வருஷா வருஷம் புரட்டாசிக் கடைசிக்குள் மேல்தளத் தூம்புகளையும் வடிகாலையும் சுத்தம் செய்து, விமானத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்க ஆட்கள் தேவை. உயரம் ஏறப் பயமில்லாத இளைஞர்கள் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.

திருப்பணிக் குழுவினர்