இறந்தும் எழுந்த தகப்பனாரும் ஆண்வழிச் சொத்தும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். இருநூறு ஆண்டுக்கு முந்தைய இங்கிலாந்தில் நடப்பதாக, மாயமும் பேயும் கலந்து நீ எழுதிவரும் நாவலில் அனுப்பிய பதினோரு அத்தியாயங்களையும் அச்செடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். இரவில் அம்மாவுக்கு அவற்றைக் கதையாகச் சொன்னேன்.

அக்காலத்து ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினை எனக்கு அறிமுகம் செய்தவள் நீ. 1813இல் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை, நீ கல்லூரியில் ஓரங்களில் கிறுக்கிவைத்த பிரதியில்தான் படித்தேன். அதைக் காதல் கதை என்று எல்லோரும் சொல்கிறார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் பத்திரம் எழுதியே பிழைத்த எனக்கு அது முதலில் ஒரு சொத்தின் கதையாகத்தான் பட்டது. அதில் வரும் தகப்பனார் பென்னட்டின் நிலம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு தருகிறது. ஆனால் அவர் அதை அனுபவிக்கலாமே தவிர, மகள்களுக்கு எழுதிவைக்க முடியாது. ஆண் வாரிசு இல்லாததால் அவருக்குப் பின் காலின்ஸ் என்ற தூரத்து உறவினருக்குப் போய்ச் சேரும். ஒரு மகன் பிறந்து வயதுக்கு வந்துவிட்டால் தகப்பனும் மகனும் சேர்ந்து அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம் என்று நம்பி நம்பியே ஐந்து பெண்களைப் பெற்றார்கள். திருமண ஒப்பந்தத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமாக ஒதுக்கிய 5,000 பவுண்டைப் பங்கிட்டால் தலைக்கு ஆயிரம். அந்த மகள்களில் ஒருத்தியான எலிசபெத்தைப் பெண் கேட்கிற அதே மூச்சில், அவளுக்கு வரப்போவது நான்கு சதவீத வட்டியில் கிடக்கும் அந்த ஆயிரம்தான், அதுவும் தாயின் காலத்துக்குப் பிறகுதான் என்று காலின்ஸ் சொல்லிக்காட்டுகிறாரே, அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துக் கணக்குப் போட்டேன்: ஆண்டுக்கு 40 பவுண்டு. அந்தப் பெண்கள் ஆடுகிற ஒவ்வொரு நடனமும் இந்த நாற்பதைவிட்டுத் தப்புவதற்காகத்தான்.

இதைச் சொல்லக் காரணம் உன் நான்காம் அத்தியாயம். உன் கதாநாயகி அடுப்புக்கரியைத் தொட்டுப் பொன்னாக்குகிறாள். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த வரியோடு உன் கதையே முடிந்துபோகிறது, மகளே. கூடை நிறையப் பொன் வைத்திருப்பவள் அடுத்த ஏழு அத்தியாயங்களில் யாருடைய சம்மதத்துக்காக விசிறியை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள்? மாயத்தைக் கதைக்குள் கொண்டுவருவது உன் உரிமை. ஆனால் அக்காலத்துச் சட்டமும் பணமும் போட்ட முடிச்சை அந்த மாயம் இறுக்க வேண்டும். நீயோ அவிழ்த்து எறிந்துவிட்டாய்.

முடிச்சை இறுக்குகிற மாயமும் உன்னிடமே இருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் அவளுடைய தகப்பனார் இறந்து, அடக்கமாகி, மூன்றாம் நாள் இரவு எழுந்து வந்து, திரைகளை இழுத்துவிட்டு நூலக அறையில் உட்கார்ந்துகொள்கிறார். அதை நீ பயமுறுத்துவதற்கு மட்டும் பயன்படுத்தி, இரண்டே பக்கத்தில் கடந்துவிட்டாய். எனக்கோ அங்கேதான் தூக்கம் போயிற்று. அவர் சட்டத்தின் கண்ணில் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? உயிரோடு இருந்தால் நிலம் அவர் அனுபவத்தில் நீடிக்கும், பெண்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. இறந்துவிட்டார் என்றால் வாரிசு மறுநாளே வண்டியில் வந்து இறங்கலாம். இங்கிலாந்தில் பிறப்பு இறப்பை அரசே பதிவு செய்யும் முறை 1837இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு ஊர்த் தேவாலயத்தின் அடக்கப் பதிவேடுதான் சாட்சி. ஆகவே பாதிரியார் எழுதிய அந்த ஒற்றை வரியில்தான் உன் கதை முழுவதும் தொங்குகிறது. வாரிசு அதற்கு நகல் கேட்டு வருவான். பெண்கள் பாதிரியாரைத் தேநீருக்கு அழைத்துக்கொண்டே இருப்பார்கள். தகப்பனாரோ சாவே இல்லாதவர் என்பதால், வாரிசும் அவன் மகனும் நரைத்து விழும்வரை காத்திருக்க நேரலாம். இதைப் போன்ற வழக்கு ஒன்றாவது என்னிடம் வந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

முழுநிலவில் ஓநாயாக மாறும் உன் நாயகனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிராமப்புறச் சீமான்கள் நடன விருந்துகளைப் பெரும்பாலும் முழுநிலவை ஒட்டியே வைத்தார்கள். இருட்டில் குதிரை வண்டியை ஓட்டி வீடு திரும்புவது ஆபத்து. ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில்கூட, நிலவுக் காலமாதலால் எல்லோருக்கும் வேறு அழைப்புகள் வந்துவிட்டன, கூடுதலாக ஆள் கிடைக்கவில்லை என்று விருந்துக்கு அழைத்தவர் வருந்துகிறார். நீயோ உன் நாயகனைத் தாராளமாக ஆடவிட்டிருக்கிறாய். அவனால் எந்த நடனத்துக்கும் வர முடியாது. வந்தாலும் நிலவு ஏறுமுன் சொல்லாமல் புறப்பட வேண்டும். ஊரார் அவனைத் திமிர் பிடித்தவன் என்பார்கள். அந்தத் தப்பெண்ணத்தை அவள் எப்படிக் கடக்கிறாள் என்று எழுதினால், ஆஸ்டினுக்குச் செய்யும் மரியாதையாகவும் இருக்கும்.

அவனுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு எங்கிருந்து வருகிறது என்றும் நீ சொல்லவில்லை. மூலப் பத்திரம் பார்க்காமல் நான் யாருக்கும் கிரயம் எழுதியதில்லை. அடிமை வணிகத்தை 1807இல் தடை செய்தாலும், மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் வரும் குடும்பத்துக்கும் அத்தீவுகளில் ஒன்றான ஆண்டிகுவாவில் சொத்து உண்டு. ஓநாயாவதைவிடப் பெரிய சாபம் அவன் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கலாம்.

சில சிறு திருத்தங்கள். 1809இல் நடக்கும் காட்சியில் இளவரசரை ரீஜன்ட் என்று அழைத்திருக்கிறாய். அவர் தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பேற்றது 1811 பிப்ரவரியில். கடிதங்களை உறையில் இட வேண்டாம்: உறையும் ஒரு தாளாகக் கணக்காகிக் கட்டணம் இரட்டிக்கும், அதையும் பெறுபவரே கட்ட வேண்டும், ஆகவே தாளையே மடித்து முத்திரையிட்டார்கள். 1816 கோடையில் வெயில் காய வைத்திருக்கிறாய். முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால், அவ்வாண்டு ஐரோப்பாவில் குளிரும் மழையும்தான். ஜெனீவா ஏரிக்கரையில் அந்த மழைக்கு உள்ளேயே அடைந்து கிடந்த பதினெட்டு வயதுப் பெண்தான், பின்னாளில் மேரி ஷெல்லி என்ற பெயரோடு, 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதையைத் தொடங்கினாள். பூதமும் பேயும் அக்காலத்துக்கு நீ புதிதாகக் கொண்டுபோகிற சரக்கு அல்ல. ஆஸ்டினே 'நார்த்தாங்கர் அபே'யில் பேய்க்கதைப் பித்துப் பிடித்த பெண் ஒருத்தியை நள்ளிரவில் பழைய அலமாரியைத் திறக்கவைக்கிறார். அங்கே அவள் கண்டெடுக்கும் மர்மச் சுவடி விடிந்து பார்த்தால் சலவைக் கணக்கு. நான் சிரித்த சிரிப்பில் அம்மா எழுந்துவிட்டாள்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தை எழுதியவுடன் அனுப்பு. நான்காவதைத் திருத்துவதாக இருந்தால் அதையும் அனுப்பு. அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். எழுந்து வந்த மனிதரின் மனைவியைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையாம். காலையில் யாராவது பார்க்க வந்தால் அவள் துக்கக் கறுப்பு உடுத்திக்கொள்கிறாளா, இரவில் அவரோடு பேசப் போகும்போது அதை மாற்றிக்கொள்கிறாளா?

அன்புடன்,
அப்பா