குளம்பில் ஏறும் விசையை அளவிடுங்கள்: பெங்களூர் டர்ஃப் கிளப் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், பந்தய விதிகளைக் கண்காணிக்கும் ஸ்டீவர்டுகளுக்கும் வணக்கம்.

அல்சூரில் வசிக்கும் நான், இயந்திரங்களின் மீது ஏறும் சுமையை அளக்கும் கருவிகளை வடிவமைக்கும் பொறியாளன். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும் வழக்கம் எனக்கில்லை. பந்தயமே கூடாது என்பவர்களின் அணியிலும் நான் இல்லை. காலைப் பயிற்சியின்போது குதிரைகளின் குளம்பில் ஏறும் விசையை முறையாக அளந்து, ஓடுபாதையின் அன்றைய நிலையோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். இப்பணி உங்களிடம் ஏற்கெனவே நடந்துவருமானால், அதன் முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதாக என் கோரிக்கையைக் கொள்ளுங்கள்.

ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள குதிரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நாலுகால் பாய்ச்சலில் செல்லும்போது, ஒரு கட்டத்தில் அதன் முழுப் பாரத்தையும் ஒற்றை முன்னங்காலே தாங்குகிறது. அந்தக் குளம்பு தரையில் நிற்பது பத்தில் ஒரு நொடி அளவுதான். அதற்குள் அதன்மேல் ஏறும் உச்ச விசை குதிரையின் எடையைப் போல் இரண்டரை மடங்கை, அதாவது 12,000 நியூட்டனை எட்டிவிடுகிறது. ஒரு பாய்ச்சலுக்கு ஆறேழு மீட்டர் என்று கணக்கிட்டால், 1200 மீட்டர் பந்தயத்தில் ஒவ்வொரு முன்னங்காலும் இச்சுமையை 170 முதல் 200 தடவை வரை ஏற்கிறது. பயிற்சி நாள்களின் சுமை இதில் சேரவில்லை.

இந்தப் பத்தில் ஒரு நொடிக்குள் நடப்பது ஒரே நிகழ்ச்சியன்று என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. குளம்பு தரையை மோதும் முதல் சில மில்லிநொடிகளில் உடலின் பாரம் இன்னும் அதன்மேல் இறங்கியிருக்காது. ஆனால் மோதலின் அதிர்வு எலும்பின் வழியே மேலேறுகிறது. அடுத்து, குளம்பு சற்று முன்னோக்கிச் சறுக்கி நிற்கிறது. எவ்வளவு தூரம் சறுக்கலாம் என்பதை மண்ணும் லாடமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதன் பிறகே முழுப் பாரமும் இறங்க, குளம்புக்கு மேலுள்ள மூட்டு தரையை நோக்கித் தாழ்ந்து, பின்புறத் தசைநார்கள் வில்லின் நாண் போல இழுபடுகின்றன. கடைசியில் குளம்பின் முனை ஊன்றி, குதிகால் எழுகிறது. 'தரை கெட்டியாக இருக்கிறது' என்ற ஒற்றை வாசகம் இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. மோதலில் கடுமையாகவும் பாரம் தாங்குவதில் மென்மையாகவும் ஒரே பாதை இருக்க முடியும். அதற்கு நேர்மாறாகவும் இருக்க முடியும்.

பல பந்தயத் திடல்களில் பயன்படும் பெனிட்ரோமீட்டர், ஓர் எடையை விழச்செய்து தண்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று காட்டும் எளிய கருவி. புல்தரையின் ஈரத்தை ஒப்பிட அது பயன்படும். சறுக்கலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு சோதனை இயந்திரம், முன்னங்கால் குளம்பைப் போலவே சாய்வாக இறங்கி, முன்னோக்கிச் சறுக்கி மோதுமாறு அமைக்கப்பட்டது. தரையைத் தனியாக அறிய இது நல்ல வழிதான் என்றாலும், அதே தரையில் ஓடும் குதிரை என்ன உணர்கிறது என்பதைக் குளம்பில்தான் அளக்க வேண்டும்.

அப்படி அளக்கும் முயற்சி புதிதன்று. பிரெஞ்சு உடலியலாளர் எட்டியென் ழூல் மாரே 1870களிலேயே குளம்பினடியில் காற்றடைத்த ரப்பர்ப் பந்தைப் பொருத்தி, அது அமுங்கும்போதெல்லாம் சவாரி செய்பவர் கையிலிருந்த பதிவுக்கருவியில் கோடு விழச்செய்தார். இன்று, உலோகம் நுண்ணிதாக வளைவதைக் கொண்டு விசையை அளக்கும் 'ஸ்ட்ரெயின் கேஜ்' பொருத்திய லாடங்கள் உள்ளன. ஆனால் என் தொழிலின் அனுபவம் இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்கிறது. அலுமினியப் பந்தய லாடம் மிக இலேசானது. அதன் இடத்தில் கனமும் தடிமனும் கூடிய கருவியைப் பொருத்தினால் கால் வீசும் விதமும், தரையைப் பற்றும் விதமும், பாரம் ஏறும்போது குளம்பின் பின்பகுதி விரியும் விதமும் மாறிவிடும். ஒருவன் காலில் கல்லைக் கட்டி ஓடவிட்டு, அவன் இயல்பாக ஓடும் விதம் இதுதான் என்று குறித்துக்கொள்வதற்கு அது ஒப்பாகும். ஆகவே விலையுயர்ந்த லாடங்களை எல்லாக் குதிரைகளுக்கும் வாங்க வேண்டாம்.

நல்ல உடல்நிலையிலுள்ள சில குதிரைகள் மட்டும், அதே சவாரியாளர்களுடன், உள்மணல், வெளிமணல், புல் ஆகிய பாதைகளில் உலர்ந்த நாளிலும் மழைக்குப் பிந்தைய நாளிலும் அளவிடும் லாடத்தோடு ஓடட்டும். மற்றக் குதிரைகளின் குளம்புச் சுவரில், வேகம் மாறும் வீதத்தை அளக்கும் சிறு முடுக்கமானியை ஒட்டினால் போதும். மோதலின் அதிர்வு தவறிவிடாமலிருக்க நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் தேவை. கைப்பேசிச் செயலிகளை நம்பி இதில் இறங்குவது வீண்வேலை. ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், மல்லேஸ்வரத்துக்கு அப்பால் இந்திய அறிவியல் கழகமும் உள்ள நகரில் இதற்கு ஆள் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை.

மென்மையான பாதைதான் பாதுகாப்பானது என்ற முடிவோடு யாரும் தொடங்கிவிடக் கூடாது. எலும்பு சுமையை ஏற்றே வலுப்பெறுகிறது. தேறுவதற்கு நேரமின்றி மீண்டும் மீண்டும் ஏறும் சுமையால்தான் நுண்விரிசல்கள் சேர்கின்றன. பந்தயத்தில் திடீரென்று முறிந்ததாகத் தோன்றும் எலும்புகள் பலவற்றில் பழைய சேதம் முன்பே இருந்ததை உடற்கூறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உச்ச விசை சிறிதளவு கூடினாலும் எலும்பு தாங்கும் தடவைகள் பெருமளவு குறைகின்றன என்பதால், பாதையின் சராசரிக் கடினத்தைவிட, ஒரு வளைவிலிருந்து அடுத்த நேர்ப்பகுதிக்குள் அது எவ்வளவு மாறுகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்த அளவுகள் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குதிரையின் தனிப்பட்ட எண்கள் அதன் மருத்துவருக்கும் பயிற்சியாளருக்கும் மட்டுமே தெரியட்டும். இல்லையென்றால் அவை மறுநாளே பந்தயக் குறிப்புகளாகிவிடும். பாதை பற்றிய எண்களோ எல்லோருக்கும் உரியவை. லாடம் அடிப்பவர்களையும், குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ்களையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். குளம்பின் முனை நீண்டு குதிகால் தாழ்ந்தால் தசைநாரின் இழுவிசை கூடும் என்பதைக் கையால் பார்த்தே அறிந்தவர்கள் அவர்கள். இடது முன்னங்காலைத் தயங்கி ஊன்றும் குதிரையை எந்தக் கருவிக்கும் முன்னால் காண்பவர் அதை நடத்திச் செல்லும் சைஸ்தான். அறிக்கை கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் வரவேண்டும்; ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் அது அலுவலக அலமாரியைத் தாண்டாது. கருவி காட்டும் எண்ணைக் கொண்டு இவர்கள்மீது பழிபோட முடியாதென்று எழுத்தில் உறுதியும் கொடுங்கள்.

கோடைப் பருவப் பந்தயங்கள் நடக்கும்போதே தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். ஈரப்பாதையின் எண்களை ஒப்பிட்டுப் பார்க்க உலர்ந்த பாதையின் எண்கள் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டுமாதலால், முதற்கட்ட அளவீட்டை மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே முடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கருவிகளைச் சரிபார்த்து அளவுத்திருத்தம் செய்யும் பணியை ஊதியமின்றிச் செய்துதர நான் அணியமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
அளவீட்டுக் கருவிப் பொறியாளர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு